பிளம்பர் சொல்லி எழுதிய ஒன்பது அட்டைகள்

டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அதே ஆட்கள் அதே நாற்காலியில் வந்து சாய்ந்துகொள்வார்கள். உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினுக்குள் சுத்தமாகி, மறுபடி உள்ளே போகும். வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பழகியதில், அங்கே வேலை பார்த்த நர்ஸுக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பரீட்சைத் தேதிகூட அத்துப்படி.

அந்த வருஷக் கடைசியில் மேலாளர் ஒரு பெட்டி நிறைய வாழ்த்து அட்டைகளோடு வந்தார். நோயாளிகள் எல்லோருக்கும் புது வருஷ வாழ்த்து கொடுக்க வேண்டும். அச்சடித்த வரியோடு நிறுத்திவிடாமல் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இரண்டு வரி எழுத வேண்டும் என்றார். யோசனை அவருடையது, வேலை நர்ஸுடையது. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதோடு, யாருக்கு என்ன எழுதலாம் என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

நீல அட்டை. முன்பக்கம் ஒரு வெள்ளைப் பறவை. உள்ளே, ‘வரும் ஆண்டு உங்களுக்கு நலமும் மகிழ்ச்சியும் தரட்டும்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே இருந்த இடத்தை அவள் நிரப்பினாள். மூன்றாம் நாற்காலிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு, பேத்தி நீச்சலில் வாங்கிய மெடலைக் கண்ணில் காட்டும்படி எழுதினாள். பத்தாம் நாற்காலி டாக்ஸிக்காரருக்கு, தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் நம் இருவருக்குள் சண்டையே வராது என்று எழுதினாள். இப்படியே நாற்பத்தேழு அட்டை ஓடியது. நாற்பத்தெட்டாவது அட்டையில் பேனா நின்றுவிட்டது.

அது ஏழாம் நாற்காலிக்கானது. அங்கே செவ்வாய், வியாழன், சனி காலைகளில் வருகிறவர் பிளம்பர். அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் அந்த ஊரின் பாதி வீடுகளுக்குக் குழாய் போட்டவர். முதல் நாள் வந்தபோதே மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இணைப்பெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் இதைப் போட்டவனுக்கு வளைவு கொடுக்கத் தெரியவில்லை என்று சான்றிதழ் கொடுத்தவர். ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடது கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய் இரண்டு வருஷத்திலேயே அடைத்துப் போனது. அன்றைக்கு அவர் சொன்னதை நர்ஸ் வீட்டில் போய் தன் கணவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். “ஆயிரம் அடைப்பு எடுத்தவன் சிஸ்டர் நான். என் கையில ஒண்ணு வந்தா, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் பாருங்க” என்றார்.

இப்போது வலது கையில்தான் ஊசி. அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், இதயம் களைத்துப் போயிருந்தது. நவம்பர் மாதம் டாக்டர் அவரையும் அவர் மனைவியையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்காகத்தான் இருக்கும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். நர்ஸும் அப்போது கூட நின்றிருந்தாள். பிளம்பர் தலையை ஆட்டினார். அவர் மனைவி, குளிர் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு நர்ஸ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷத்தைப் பற்றி எதை எழுதினாலும் பொய். கடைசியில், ‘உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தால் எனக்கு அலுப்பே தெரிவதில்லை, அண்ணே’ என்று மட்டும் எழுதி மூடினாள்.

சனிக்கிழமை அட்டையைக் கொடுத்தபோது அவர் இடது கையால் வாங்கி, பறவையைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார்.

“இது புறாவா, வாத்தா?”

புறா என்றுதான் நினைக்கிறேன் என்றாள் நர்ஸ். அவர் உள்ளே இருந்ததைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு அட்டையை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இந்த அட்டை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். நூறாக வாங்கியதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

“ஒரு பத்து எனக்குக் கொடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் கைதான் உங்ககிட்ட மாட்டியிருக்கே.”

இடது கையால் எழுதிப் பழக்கமில்லை, விரல் நுனிகளும் மரத்துப் போயிருந்தன என்பது நர்ஸுக்குத் தெரியும். ஊசி ஏற்றி, எடையும் ரத்த அழுத்தமும் குறித்து, தன் பொறுப்பில் இருந்த நான்கு நாற்காலிகளின் மெஷின்களையும் ஓட விட்ட பிறகு, இரண்டாம் மணி நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு ஸ்டூலை ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். மூன்று வாரம் இப்படி நடந்தது.

முதல் அட்டை கீழ்வீட்டுக்காரருக்கு. பிளம்பர் மாடியில் குடியிருந்தார். கீழ்வீட்டில் குளியலறைக் கூரை ஒழுகி, அது விஷயமாக ஆறு வருஷம் வாய்ச்சண்டை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நர்ஸ் எழுதினாள். ‘உங்க கூரை ஒழுகினதுக்கு என் வீட்டுக் குழாய்தான் காரணம். எனக்கு அப்பவே தெரியும். தொழில்காரன் வீட்டுக் குழாயே ஒழுகுதுன்னு ஒத்துக்க வாய் வரலை. தப்பு என் மேலதான். புது வருஷ வாழ்த்து.’ கடைசி மூன்று சொல்லையும் அவர் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம், அட்டை கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

இரண்டாவது தம்பிக்கு. அப்பாவின் கைக்கடிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் ஆரம்பித்து, ஏழு வருஷமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சு வார்த்தை இல்லை. ‘வாட்ச் என்கிட்டதான் இருக்கு. நீ கேட்டப்ப இல்லைன்னு சாதிச்சேன். பீரோவுல, சட்டைக்கு அடியில இருக்கு. வந்து எடுத்துக்கோ. அண்ணி சமைச்சுப் போடுவா, சாப்பிட்டுட்டுப் போ.’

மகனுக்குச் சொல்லும்போதுதான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். மகன் வேறு ஊரில் அலுவலக வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்வார்கள். உடம்பு எப்படி, இருக்கு, சரி அம்மாகிட்ட கொடுங்க. இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. ‘நீ இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன்னு சொன்னப்ப நாலு பேர் எதிர்ல உன்னைக் கையாலாகாதவன்னு சொன்னேன். நீ பேசாம நின்னே. அந்த மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உனக்கு இந்த வேலைக்குக் கை வரலை, அவ்வளவுதான். இப்ப எனக்கே வரலை.’ இதை எழுதிக்கொண்டிருந்தபோது நர்ஸ் தலை நிமிரவில்லை. மெஷினில் ஏதோ பார்ப்பதுபோல எழுந்து போய்விட்டு வந்தாள்.

மருமகளுக்கு, சாமான் கடைக்காரருக்கு, முடிவெட்டுகிறவருக்கு என்று அட்டைகள் போய்க்கொண்டிருந்தன. முகவரியையும் அவளே எழுதி, வீட்டுக்குப் போகும் வழியில் தபாலில் போட்டாள். சாவைப் பற்றி எதிலும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

இத்தனை நாளும் அவர் மனைவி வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்பது அந்தப் பிரிவின் விதி. கிருமி தொற்றிவிடும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் மடியில் துணிப்பையும் பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க்குமாக நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பெஞ்சில் இருக்கும் மற்ற பெண்களிடம், குளிர் குறைந்ததும் இவரைக் கூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கப் போவதாகச் சொல்வார். வீட்டில் பிளம்பர் வேறு எதையாவது பேச வாயெடுத்தால், அபசகுனமாகப் பேசாதீங்க என்று அடுப்படிக்குப் போய்விடுவாராம். இதை பிளம்பரே நர்ஸிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு பயம், பாவம் என்றார்.

ஒன்பது அட்டை முடிந்து பத்தாவதை எடுத்தபோது, இது யாருக்கு என்று நர்ஸ் கேட்கவில்லை.

“எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலை சிஸ்டர். முப்பத்தாறு வருஷமா ‘இந்தா’ன்னுதான் கூப்பிட்டிருக்கேன். பேர் சொன்னா யாரையோ கூப்பிடறேன்னு நினைச்சுக்குவா.”

அப்படியானால் ‘இந்தா’ என்றே ஆரம்பிக்கலாம் என்றாள் நர்ஸ். அவர் சிரித்தார். ‘இந்தா’ என்று எழுதிவிட்டு அவள் காத்திருந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆனது. ஆசிரியையின் மெஷின் பீப் அடித்துக் கூப்பிட்டது. அவள் போய்விட்டு வந்தபோது தூங்கிப் போயிருந்தார். அல்லது தூங்குவதுபோல இருந்தார்.

அடுத்த முறை அவரே ஆரம்பித்தார். மளமளவென்று வந்தது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வை முழுசாகத் திறக்கக் கூடாது, முக்கால்தான் திறக்க வேண்டும், முழுசாகத் திறந்தால் குளியலறையில் சொட்டும். மொட்டை மாடித் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன், அதை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள். வாசல் விளக்கின் சுவிட்சை ஈரக்கையோடு தொடாதே. நர்ஸ் இத்தனையையும் எழுதினாள். நிறுத்திவிட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தாள். அவர் முகம் சுண்டிவிட்டது.

“இது வாழ்த்து அட்டை மாதிரியா இருக்கு? புகார்ப் புத்தகம் மாதிரி இருக்கு. கிழிச்சிடுங்க. வியாழக்கிழமை வந்து ஒழுங்கா சொல்றேன்.”

அவள் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அது செவ்வாய்க்கிழமை. புதன் அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஏழாம் நாற்காலியின் மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் நர்ஸுக்குச் சேதி வந்தது. மாட்டிய குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். பிளம்பர் போர்த்திக்கொள்வதற்காக வைத்திருந்த கம்பளி அங்கேயே இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போக வந்தவர். கம்பளியை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார். காரியத்துக்குக் கொழுந்தன் வந்ததாகவும், சட்டைப் பையிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுக் குழந்தை மாதிரி அழுததாகவும் சொன்னார். கீழ்வீட்டுக்காரரும் காட்டினாராம். மகன் காட்டவில்லை, ஆனால் அவனுக்கும் வந்திருக்கிறது என்பது தெரியும். எல்லாம் உங்கள் கையெழுத்துதான், அவருக்கு நீங்கள் கொடுத்த அட்டையில் பார்த்திருக்கிறேன் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“எனக்கு ஏதாவது சொன்னாரா?”

நர்ஸ் வாயிலிருந்து யோசிக்காமல் வந்துவிட்டது. “இருக்கு அக்கா. வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன். நாளைக்கு வாங்க.”

அந்த அம்மாள் முகம் மாறியதைப் பார்த்த பிறகு சொன்னதைத் திரும்பப் பெற முடியவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் மிச்ச அட்டைகளில் சிலவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரக்கு வேன் ஓட்டும் அவள் கணவன் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டான். பிறகு, அந்த மனுஷன் சொல்லாததை நீ சொன்னால் அது யார் சொன்னதாகும் என்று கேட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொல்லியிருப்பார், ஒரு நாள் கூட இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றாள். ஊரில் எல்லோரிடமும் தன் தப்பை ஒத்துக்கொண்டவர் மனைவியிடம் மட்டும் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மூன்று அட்டைகளை வீணாக்கி நான்காவதில் எழுதி முடித்தாள். ‘இந்தா, உனக்கு நான் ஒரு சுகமும் தரலை. நீ செஞ்சதுக்கெல்லாம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. என்னை மன்னிச்சிடு. நீ இல்லைன்னா நான் இத்தனை நாள் இருந்திருக்கமாட்டேன்.’ படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

மறுநாள் அந்த அம்மாள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து, நர்ஸ் காலை வேலை முடிந்து வெளியே வந்தபோது, வராந்தாவில் பழைய இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஃபிளாஸ்க் இல்லை. நர்ஸ் போய் உட்கார்ந்ததும் பையிலிருந்து அட்டையை எடுத்து இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தார்.

“இதை நீங்கதானே எழுதினீங்க?”

எல்லா அட்டையும் நான் எழுதியதுதானே என்று நர்ஸ் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் அடங்கிவிட்டது.

“முதல் நாள் படிச்சப்ப சந்தோஷமாதான் இருந்துது. தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டேன். படிக்கப் படிக்கத்தான், இது யாரோ பேசறாங்கன்னு தோணிச்சு. அவரு தப்பு என் மேலதான்னு சொல்வாரு சிஸ்டர். கோபம் ஆறினதும் சொல்லிடுவாரு. மன்னிச்சிடுன்னு மட்டும் அவரு வாயில வராது. யார்கிட்டயும் வராது.”

நர்ஸ் ஒன்பது அட்டைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான். ஒன்றில்கூட அந்தச் சொல் இல்லை. அத்தனையையும் தன் கையால் எழுதியும் அவளுக்கு அது தெரியாமல் போயிருந்தது.

“என்ன சொன்னாருன்னு சொல்லுங்க. ஒண்ணும் சொல்லலைன்னா அதையே சொல்லுங்க. எனக்கு அவரு சொன்னதுதான் வேணும்.”

நர்ஸ் சொன்னாள். ‘இந்தா’வுக்கு மேல் போக முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அடுத்த முறை வால்வைப் பற்றியும் தொட்டி மூடியைப் பற்றியும் சுவிட்சைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கிழிக்கச் சொன்னதைச் சொன்னாள். வியாழக்கிழமை ஒழுங்காகச் சொல்வதாக இருந்தார் என்றும் சொன்னாள். இதையெல்லாம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அட்டையில் எழுதத் தகுந்தது இல்லையென்று அவரே ஒதுக்கியது.

அந்த அம்மாள் திரும்பி அவளை நேராகப் பார்த்தார்.

“வால்வை எவ்வளவு திறக்கணும்னு சொன்னாரு?”

“முக்கால்தான். முழுசா திறந்தா பாத்ரூம்ல சொட்டும்னு சொன்னாரு.”

“மூணு வாரமா சொட்டிக்கிட்டிருக்கு” என்றார் அவர். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கணவர் இறந்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை என்று பின்னால் மகன் சொல்லி நர்ஸுக்குத் தெரியவந்தது.

அழுகை ஓய்ந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. அட்டை எழுதிய அந்த மூன்று வாரமும் கணவர் வீட்டுக்கு வந்தால் களைத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், ஒரு பேச்சு பேச மாட்டார் என்றார். அதற்கு முன் பேச வந்த நாட்களில் நான்தான் எழுந்து போய்விட்டேன், அது என் தலையெழுத்து என்றார். உள்ளே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பேசியிருக்கிறார், இருந்த மூச்சையெல்லாம் உங்களிடம் செலவழித்திருக்கிறார் என்றார்.

“நாலு மணி நேரம் இங்கதான் உக்காந்திருந்தேன் சிஸ்டர். இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம். ஒரு தடவை உள்ள கூப்பிட்டிருக்கலாமே.”

விதி என்று ஒன்று இருக்கிறது, கதவில் எழுதியிருக்கிறது என்று நர்ஸ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதி இருந்தது உண்மைதான். ஆனால் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதும் உண்மை. அவர் சொல்லச் சொல்ல எழுதுவது அவளுக்குப் பிடித்திருந்தது. வேலைக்கு வரும்போதே, இன்று யாருக்கு எழுதச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“கூப்பிட்டிருக்கணும் அக்கா” என்றாள்.

நர்ஸ், அவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு என்ன சொன்னார், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். கொழுந்தனுடையதையும் கீழ்வீட்டுக்காரருடையதையும் படித்தாயிற்றே என்றாள் நர்ஸ். படித்தது வேறு, அவர் எப்படிச் சொன்னார் என்று சொல்லுங்கள் என்றார்.

நர்ஸ் சொல்லத் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கீழ்வீட்டுக்காரருக்குச் சொன்னது, அட்டை கோபித்துக்கொள்ளும் என்று வாழ்த்தைச் சேர்த்தது. கொழுந்தனின் கடிகாரம் வந்தபோது அந்த அம்மாள் குறுக்கே பேசினார். அது ஓடவே ஓடாது, முள்ளே இல்லை, அதற்காக ஏழு வருஷம் இரண்டு தடியன்களும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள் என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது, நர்ஸுக்கும் வந்தது. முடிவெட்டுகிறவருக்கு, ‘என் தலையில முடி போன பிறகும் அதே நேரம் எடுத்து வெட்டினீங்க, அந்த மரியாதையை நான் மறக்கலை’ என்று சொன்னதைக் கேட்டு, ஆமாம், அங்கே போனால் அரை நாள் வரமாட்டார் என்றார். சாமான் கடைக்காரருக்குச் சொன்னதில் பாதி பொய் என்று திருத்தினார். மருமகளுக்கு, ‘என் மகன் பேசமாட்டான், என்னை மாதிரி. நீயே கேட்டு வாங்கிக்கோ’ என்று சொன்னதைக் கேட்டபோது பெஞ்சின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். மகனுக்குச் சொன்னதைச் சொல்லலாமா என்று நர்ஸ் தயங்கினாள். அது வேண்டாம், அவனே ஒரு நாள் காட்டட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை.

“நீங்க நல்ல மனசுலதான் எழுதினீங்க. ஆனா அது எனக்கு வேண்டாம்.”

பஸ் நிறுத்தம் வரைக்கும் நர்ஸ் கூடப் போனாள். பஸ் வந்ததும் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டார் என்று கேள்வி. மறுபடி அங்கே வரவில்லை.

நர்ஸ் மேலாளரிடம் போய், கூட வருகிறவர்களைக் கடைசி அரை மணி நேரமாவது உள்ளே விட வேண்டும் என்று கேட்டாள். அவர் விதியைச் சொன்னார். மறுபடி கேட்டாள். டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் தடவையும் கேட்டாள். அவளைப் பார்த்தாலே மேலாளர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆனது. குளிர் போய் வெயில் ஏறிய பிறகுதான், முகக்கவசம் போட்டு, கை கழுவி, ஒருவர் மட்டும் வரலாம் என்று அனுமதி கிடைத்தது.

முதலில் வந்தது பத்தாம் நாற்காலி டாக்ஸிக்காரரின் மனைவி. நான்கு வருஷமாக வெளியே உட்கார்ந்திருந்தவர், உள்ளே வந்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கணவரின் கையிலிருந்து ரத்தம் ஓடும் குழாய்களைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். போர்வையை இழுத்து அவர் காலை மூடினார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். வேறு என்ன கேட்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டார்.

நர்ஸ் ஸ்டூலைக் கொண்டுபோய் அவருக்குப் பின்னால் வைத்துவிட்டு, அறையின் அடுத்த கோடிக்குப் போய்விட்டாள்.